ஒரு நகரத்திலிருந்து ஒரு நாகரிகம்: புதிய ஆட்டக்காரர்களுக்குச் சில பொருளியல் பாடங்கள்

குழந்தைகளுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுப்பதில் நமக்குப் பெருமை உண்டு. கணினி விளையாட்டு என்றாலோ அதே மனம் சுருங்கிவிடுகிறது. எல்லாக் கணினி விளையாட்டுகளையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. கண்ணின் கூர்மையையும் விரலின் வேகத்தையும் சோதிப்பவை ஒரு வகை. ஒருவர் ஆடி முடித்த பின்னரே அடுத்தவர் ஆட வேண்டும் என்னும் விதியோடு, எண்ணிப் பார்ப்பதற்கு வேண்டிய அவகாசத்தைத் தருபவை மற்றொரு வகை. இரண்டாம் வகையில் உலகப் புகழ் பெற்றது 'சிவிலைசேஷன்'.

1991ஆம் ஆண்டு சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் இதனை வடிவமைத்தனர். மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்டது. கி.மு. 4000இல் ஒரு சிறு குடியேற்றக் கூட்டத்துடன் தொடங்கி, நகரங்களை எழுப்பி, எழுத்தையும் சக்கரத்தையும் கண்டறிந்து, விண்வெளி யுகம்வரை ஒரு நாகரிகத்தை நடத்திச் செல்வதே ஆட்டம். ஆறாம் பதிப்பு 2016இலும் ஏழாம் பதிப்பு 2025 பிப்ரவரியிலும் வெளிவந்தன. ஏழாம் பதிப்பில் சோழர் நாகரிகமும் இடம்பெற்றதால், தமிழ் இளைஞர்கள் பலரும் இந்த ஆட்டத்தின் பக்கம் முதன்முறையாகத் திரும்பியிருக்கின்றனர்.

அவ்வாறு திரும்பியவர்களில் கணிசமானோர் இரண்டு மூன்று ஆட்டங்களில் தோற்று, சலித்து விலகிவிடுகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை. பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையிலும், பணி ஓய்வுக்குப் பிறகு இந்த ஆட்டத்தை விரும்பி ஆடுகிறவன் என்ற முறையிலும் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: இங்கே வெற்றியைத் தீர்மானிப்பது போர்த்திறனைவிடப் பொருளியல் அறிவே. முதலாண்டுப் பட்டப்படிப்பில் நாம் கற்பிக்கும் நான்கைந்து கருத்துகளைப் புரிந்துகொண்டால், தொடக்கநிலை ஆட்டக்காரர் மிக விரைவில் முன்னேறலாம். எடுத்துக்காட்டுகளை ஆறாம் பதிப்பிலிருந்தே தருகிறேன். நெடுங்காலமாகப் பலரும் ஆடித் தேர்ந்த பதிப்பு அது. அதன் அடிப்படைக் கருத்துகள் மற்றப் பதிப்புகளுக்கும் பெரிதும் பொருந்தும்.

எதை இழந்து எதைப் பெறுகிறோம்?

பொருளியலின் நுழைவாயில் 'வாய்ப்புச் செலவு' என்னும் கருத்து. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகிற அடுத்த சிறந்த வாய்ப்பே அதன் உண்மையான விலை. ஆட்டத்தில் ஒரு நகரம் ஒரு நேரத்தில் ஒரு பொருளையே உருவாக்க முடியும். போர்வீரனை உருவாக்கும் நகரம், அந்தச் சுற்றுகளில் களஞ்சியத்தைக் கட்டவில்லை. எனவே, "இது பயனுள்ளதா?" என்று கேட்பது போதாது, ஆட்டத்தில் எல்லாமே ஏதோ ஒரு வகையில் பயனுள்ளவைதாம். "இதைச் செய்வதால் எதைத் தள்ளிப்போடுகிறேன்?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது உலக அதிசயங்களில்தான். அழகிய படத்தோடும் இசையோடும் அவை எழுவதைக் காண எவருக்கும் ஆசை வரும். ஆட்டத்தின் இயல்பான வேகத்தில், ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கற்சின்னத்தை எழுப்ப 180 உற்பத்தி அலகுகள் தேவை. புதிய நகரம் அமைக்கும் குடியேறிக் குழுவுக்கு 80 அலகுகள். ஒவ்வொரு குழுவுக்குப் பின்னும் செலவு 30 கூடுவதால், இரண்டாம் குழுவுக்கு 110. ஆக, ஓர் அதிசயத்தின் விலையில் ஏறத்தாழ இரண்டு புதிய நகரங்கள் கிடைக்கும். தவிரவும், ஓர் அதிசயத்தை உலகில் ஒருவரே எழுப்ப முடியும். நமக்கு முன்னதாக வேறொரு நாடு முடித்துவிட்டால் நமக்கு அந்த அதிசயம் இல்லை. புதிய நகரத்திற்கு அத்தகைய ஆபத்து குறைவு. அதிசயங்கள் வேண்டாம் என்பதில்லை. முதல் ஐம்பது அறுபது சுற்றுகளில் அவை நம்மால் தாங்க இயலாத ஆடம்பரம் என்பதே என் கருத்து.

கூட்டு வட்டியின் ஆட்சி

ஆண்டுக்கு 3 விழுக்காடு வளரும் பொருளாதாரம் ஏறத்தாழ 24 ஆண்டுகளில் இருமடங்காகும். 72ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் கிடைக்கும் எளிய கணக்கு இது. ஆட்டமும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. நகரம் உற்பத்தியைத் தருகிறது. உற்பத்தி இன்னொரு நகரத்தைத் தருகிறது. அந்த நகரமும் உற்பத்தியைத் தருகிறது.

ஒரு நகரம் சராசரியாகச் சுற்றுக்கு 5 அலகு உற்பத்தி தருவதாக வைத்துக்கொள்வோம். 30ஆம் சுற்றில் அமைந்த நகரம் 130ஆம் சுற்றுக்குள் 500 அலகுகளைத் தந்திருக்கும். 80ஆம் சுற்றில் அமைந்த நகரம் அதற்குள் தந்திருப்பது 250 மட்டுமே. முதல் நகரத்தின் 500 அலகுகள் வேறு நகரங்களாகவும் கல்விச்சாலைகளாகவும் மாறித் தாமும் வருவாய் ஈட்டியிருக்கும் என்பதையும் சேர்த்தால், இடைவெளி இன்னும் பெரிது.

ஆகவே, தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு என் முதல் அறிவுரை: விரைந்து விரிவடையுங்கள். ஒற்றைத் தலைநகரைச் செல்லமாக வளர்த்துக்கொண்டிருப்பது தோல்விக்கு நேர்வழி. முதலில் ஓர் ஒற்றன், அடுத்து ஒரு கவண் வீரன், அதன்பின் குடியேறிக் குழு என்னும் வரிசை பெரும்பாலான நிலப்பரப்புகளில் பொருந்தும். குடியேறிக் குழு புறப்படும்போது நகரின் மக்கள்தொகையில் ஒன்று குறையும் என்பதால், மக்கள்தொகை இரண்டையாவது எட்டியிருக்க வேண்டும். 'தொடக்கப் பேரரசு' என்னும் குடிமை அறிவை அடைந்ததும், குடியேறிகளுக்கான உற்பத்தியை 50 விழுக்காடு கூட்டும் 'குடியேற்றம்' என்னும் கொள்கை அட்டை கிடைக்கிறது. அதை வைத்திருக்கும் காலத்தில் குடியேறிகளைத் தொடர்ந்து உருவாக்குவது அறிவுடைமை. முதல் 100 சுற்றுகளுக்குள் ஆறேழு நகரங்கள் என்பது புதியவருக்குத் தகுந்த இலக்கு.

ஐந்தாம் பதிப்பை ஆடிப் பழகியவர்கள் இங்கே தயங்குவதுண்டு. அதில் நகரங்கள் கூடக் கூட ஆய்வுச் செலவும் கூடும். ஆறாம் பதிப்பில் அந்தத் தண்டனை இல்லை.

நீரின்றி அமையாது நகர்

விரைவு என்பது கண்ட இடத்தில் இறங்குவதன்று. ஆறு, ஏரி போன்ற நன்னீர் அருகில் அமையும் நகரத்திற்குத் தொடக்கத்திலேயே 5 அலகு குடியிருப்பு வசதி உண்டு. கடற்கரையில் அமைந்து நன்னீர் இல்லாவிடில் 3. இரண்டும் இல்லாவிடில் 2 மட்டுமே. ஆற்றங்கரை நாகரிகங்கள் என்று நாம் பள்ளியில் படித்ததை வடிவமைப்பாளர்கள் ஓர் எண்ணாக மாற்றியிருக்கின்றனர்.

குடியிருப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? மக்கள்தொகைக்கும் குடியிருப்புக்கும் இடையே ஓர் அலகு மட்டுமே மிஞ்சும்போது நகரின் வளர்ச்சி பாதியாகக் குறைகிறது. இரண்டும் சமமாகிவிட்டால் கால் பங்காகிவிடுகிறது. "உணவு நிறைய இருந்தும் என் நகரம் வளரவில்லையே" என்று திகைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். களஞ்சியம் கட்டுவதும், நன்னீர் இல்லாத இடத்தில் கால்வாய்ப் பாலம் அமைப்பதும் அதற்கான மருந்து. எந்த உள்ளீடு பற்றாக்குறையாக இருக்கிறதோ அதுவே மொத்த விளைச்சலைக் கட்டுப்படுத்தும் என்பது உழவர் அறிந்த உண்மை. தண்ணீர் இல்லாத வயலில் உரத்தைக் கொட்டிப் பயனில்லை.

நிலத்தைப் பொறுத்து இன்னும் இரண்டு குறிப்புகள். சமவெளிக் குன்றின்மேல் நகரத்தை அமைத்தால் நகர மையத்திலிருந்தே வழக்கத்தைவிட ஓர் உற்பத்தி அலகு கூடுதலாகக் கிடைக்கும். முதல் சுற்றுகளில் அந்த ஓர் அலகு பெருஞ்செல்வம். இரண்டாவதாக, இரு நகரங்களுக்கு இடையே குறைந்தது மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. நகரத்து மக்கள் தம் நகரிலிருந்து மூன்று கட்டத் தொலைவுவரை உழைக்க முடியும். புதியவர்கள் நகரங்களை மிகவும் தள்ளித் தள்ளி அமைக்கின்றனர். நெருக்கமாக அமைப்பதே காவலுக்கும் நல்லது, நில வளத்தைப் பகிர்ந்துகொள்ளவும் நல்லது. பிற நாட்டு நகரங்களை ஒட்டிக் குடியேறினால், 2018இல் வந்த விரிவாக்கத்தின்படி, அந்நாட்டு மக்களின் ஈர்ப்பால் நம் நகரத்தின் விசுவாசம் குலைந்து, அது நம் கையைவிட்டே போகக்கூடும்.

சிறப்பு வட்டாரங்கள்: இடத்தின் மதிப்பு

ஆறாம் பதிப்பின் தனிச்சிறப்பு, கல்வி வளாகம், வணிக மையம், தொழிற்பேட்டை, திருத்தலம் போன்றவை நகருக்கு வெளியே தனிக் கட்டங்களில் எழுவது. ஒவ்வொன்றின் பயனும் அண்டைக் கட்டங்களைப் பொறுத்தது. மலையை ஒட்டிய கல்வி வளாகம் ஒவ்வொரு மலைக்கும் ஓர் அறிவியல் அலகைக் கூடுதலாகத் தருகிறது. ஆற்றை ஒட்டிய வணிக மையத்திற்கு இரண்டு பொன் அலகுகள் கூடுதல். ஆகவே, நகரத்தை அமைக்கும் முன்னரே, "இங்கே கல்வி வளாகம் எங்கு வரும்?" என்று எண்ணிப் பார்ப்பவர் பிறரைவிட வெகுதூரம் முன்னே போய்விடுகிறார்.

ஒரு நகரம் எத்தனை வட்டாரங்களைத் தாங்கும் என்பதை மக்கள்தொகை தீர்மானிக்கிறது: முதலாவதற்கு 1, இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 7 என்று மும்மூன்றாக உயரும். அறிவியலும் குடிமை அறிவும் வளர வளர, வட்டாரங்களின் கட்டுமானச் செலவும் ஏறிக்கொண்டே போகும். ஆனால், ஒரு வட்டாரத்திற்கான இடத்தைக் குறித்த அந்தச் சுற்றிலேயே அதன் செலவு நிலைபெற்றுவிடுகிறது. உடனே கட்ட இயலாவிட்டாலும் இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, வசதிப்படும்போது முடித்துக்கொள்ளலாம். விலைவாசி ஏறும் காலத்தில் இன்றைய விலையில் முன்பதிவு செய்வதற்கு ஒப்பானது இது.

எல்லா நகரங்களிலும் எல்லா வட்டாரங்களையும் கட்ட முயல்வது வீண். மலையடிவார நகரம் கல்விக்கு, ஆற்றங்கரை நகரம் வணிகத்திற்கு என்று பிரித்துக்கொள்வதே ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டின் பயன்பாடு. 1817இல் டேவிட் ரிக்கார்டோ துணியையும் திராட்சை மதுவையும் வைத்து விளக்கியதை, இங்கே மாணவர் தம் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம்.

பண்டமாற்றும் வணிக வழியும்

பட்டு, தந்தம், நறுமணப் பொருள் போன்ற ஆடம்பரப் பொருள்கள் மக்களின் மகிழ்ச்சிக்கானவை. ஒரு வகைப் பொருளின் முதல் அலகு நான்கு நகரங்கள்வரை மகிழ்ச்சி அளிக்கிறது. அதே பொருளின் இரண்டாம் அலகால் நமக்குக் கூடுதல் பயன் எதுவும் இல்லை. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் வெளிப்படுவது அரிது. நமக்குப் பயனற்ற அந்த இரண்டாம் அலகு, அது இல்லாத அண்டை நாட்டுக்கு அரும்பொருள். அதைக் கொடுத்து அவர்களிடம் மிகுந்திருக்கும் வேறொன்றையோ பொன்னையோ பெறலாம். புதியவர்கள் பலரும் இந்தப் பேச்சுவார்த்தைத் திரையைத் திறப்பதே இல்லை. பத்துப் பதினைந்து சுற்றுகளுக்கு ஒருமுறை எல்லா நாடுகளிடமும் கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வணிக வழிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. வெளிநாட்டு வழி பெரும்பாலும் பொன்னைத் தரும். உள்நாட்டு வழி, வணிகர் புறப்படும் நகரத்திற்கு உணவும் உற்பத்தியும் தரும். சேருமிடத்தில் வட்டாரங்கள் மிகுதியாக இருந்தால் பயனும் மிகுதி. எனவே, புதிதாக அமைந்த ஏழை நகரத்திலிருந்து வளர்ந்த தலைநகருக்கு வணிகரை அனுப்பினால், அந்தச் சிறு நகரம் விரைவில் எழுந்து நிற்கும். வணிகர் நடக்கும் வழியெல்லாம் சாலையும் தானே அமைந்துவிடும்.

நகர அரசுகளையும் மறக்கலாகாது. ஒரு நகர அரசை உலகில் முதலில் சந்திப்பவருக்கு ஒரு தூதர் இலவசமாகக் கிடைக்கிறார். தொடக்கத்திலேயே ஒற்றனை அனுப்பி ஊர் சுற்றச் சொல்வது அதனால்தான்.

அறிவு செயலிலிருந்து பிறக்கிறது

ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு 'யுரேகா'. ஏதேனும் ஒரு செயலைச் செய்தால், அதனோடு தொடர்புடைய கண்டுபிடிப்பின் ஒரு பெரும்பகுதி தானே கைகூடும். மூல ஆட்டத்தில் பாதி, பின்வந்த விரிவாக்கங்களில் 40 விழுக்காடு. கற்சுரங்கம் அமைத்தால் கட்டடக் கலை விரையும். கவண் வீரனைக் கொண்டு ஒரு பகைவனை வீழ்த்தினால் வில்வித்தை விரையும். வேறொரு நாகரிகத்தைச் சந்தித்தால் எழுத்து விரையும். வணிக வழி ஒன்றைத் தொடங்கினால் நாணயம் விரையும். செய்து பழகுவதால் வரும் அறிவு என்று பொருளியலில் கென்னத் ஆரோ 1962இல் எழுதிய கருத்து இங்கே நினைவுக்கு வரும்.

ஆட்டக்காரர் செய்ய வேண்டியது எளிது. அறிவியல் மரத்தைத் திறந்து, அடுத்த நான்கைந்து கண்டுபிடிப்புகளுக்கான யுரேகா நிபந்தனைகளைப் படித்து, அன்றாட வேலைகளை அவற்றோடு இணைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்டுபிடிப்பைப் பாதிக்கு மேல் ஆராய்ந்துவிட்டு, யுரேகா நெருங்கி வரும்போது அதை நிறுத்தி வைத்து வேறொன்றுக்கு மாறலாம். செய்த ஆய்வு வீணாகாது. இந்த ஒரு பழக்கமே ஆட்டத்தின் போக்கை மாற்றும்.

காவல் இல்லாத செல்வம்

பொருளியலாளன் பேச்சைக் கேட்டுப் படையையே மறந்துவிடக் கூடாது. தொடக்கக் காலத்தில் மிகப் பெரிய ஆபத்து, நாடோடிக் கொள்ளையர் முகாம்கள். முதலில் அவர்களின் ஒற்றன் வருவான். அவன் நம் நகரத்தைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பினால், அடுத்து வருவது படை. ஒற்றன் திரும்புமுன் அவனைத் தடுத்து வீழ்த்துவதே மிகக் குறைந்த செலவிலான பாதுகாப்பு. முகாம்களைத் தேடி அழிக்க இரண்டு மூன்று வில்லாளிகள் போதும். குன்று, காடு, ஆற்றின் மறுகரை ஆகியவற்றில் நின்று காப்பவருக்கு வலிமை கூடும் என்பதையும் நினைவில் கொள்க.

அண்டை நாடுகளைப் பொறுத்தவரை, படையே இல்லாத நாட்டைக் கணினி எளிய இரையாகப் பார்க்கிறது. ஓரளவு படை வைத்திருப்பது காப்பீட்டுத் தவணை கட்டுவதைப் போன்றது. தவணை மிகையானால் வீட்டுச் செலவு தடுமாறும். அறவே இல்லாவிட்டால் ஒரே விபத்தில் எல்லாம் போகும்.

இலக்கும் கடினநிலையும்

விண்வெளிப் பயணத்தில் முந்தும் அறிவியல் வெற்றி, உலகப் பயணிகளை ஈர்க்கும் பண்பாட்டு வெற்றி, எல்லா நாடுகளிலும் நம் சமயம் முதன்மை பெறும் சமய வெற்றி, பிற நாடுகளின் தலைநகரங்களைக் கைப்பற்றும் படை வெற்றி எனப் பல வழிகள் உள்ளன. 2019இன் விரிவாக்கத்தில் அரசதந்திர வெற்றியும் சேர்ந்தது. 500 சுற்றுகள் முடிந்தும் எவரும் வெல்லாவிடில் மதிப்பெண் தீர்மானிக்கும். புதியவருக்கு அறிவியல் வெற்றியே உகந்தது. நகரங்கள், கல்வி வளாகங்கள், உற்பத்தி என்ற மூன்றில் கவனம் செலுத்தினால் பாதை தெளிவாக இருக்கும். ஏறத்தாழ 100ஆம் சுற்றில் இலக்கை உறுதி செய்துவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முடிவையும் அந்த இலக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடினநிலைகள் எட்டு. நான்காவதான 'பிரின்ஸ்' நிலையே நடுநிலை. அதற்கு மேலே செல்லச் செல்லக் கணினியின் அறிவு கூடுவதில்லை; அதற்குச் சலுகைகள் கூடுகின்றன. உச்சநிலையில் கணினி நாடுகள் கூடுதல் குடியேறிகளுடனேயே ஆட்டத்தைத் தொடங்குகின்றன. ஆகவே, மேல்நிலையில் தோற்பவர் தம் அறிவைக் குறைத்து எண்ண வேண்டியதில்லை. முன்னே தொடங்கியவரைப் பின்னே தொடங்கியவர் எட்டிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் உணர்ந்திருக்கிறார். வளரும் நாடுகளின் வரலாறு படித்த எவருக்கும் அது புதிய செய்தியன்று.

ஆட்டம் கேட்காத கேள்வி

இதுவரை சொன்னவை வெல்வதற்கான வழிகள். ஆசிரியனாக இருந்தவன் இத்துடன் நிறுத்திக்கொள்ள இயலாது. கூட்டு வட்டியும் வாய்ப்புச் செலவும் ஆட்டத்தில் மிகத் துல்லியமாக இயங்குகின்றன. அந்தத் துல்லியமே ஆட்டம் உலகத்தின் உண்மையான படம் என்ற மயக்கத்தைத் தரக்கூடும்.

நாம் விரைந்து குடியேறுகிற நிலம் வரைபடத்தில் வெறுமையாகக் காட்டப்படுகிறது. உலக வரலாற்றில் பேரரசுகள் குடியேறிய நிலங்களில் பெரும்பாலும் முன்னரே மக்கள் வாழ்ந்தனர். ஆட்டத்தில் பேரரசுக்கு உட்படாத கூட்டத்தாருக்குக் கொடுக்கப்பட்ட பெயர் காட்டுமிராண்டிகள். அது பேரரசு எழுதிய பெயர். 2018இல் கனடாவின் க்ரீ பழங்குடித் தலைவர் பவுண்ட்மேக்கரை ஆறாம் பதிப்பின் விரிவாக்கத்தில் ஒரு பேரரசுத் தலைவராகச் சேர்த்தபோது, அவர் பெயர் தாங்கிய க்ரீ சமூகத்தின் பொறுப்பாளர் ஒருவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். பிற மக்களை வென்று நிலத்தைக் கைப்பற்றும் காலனிய நோக்கு தம் முன்னோருக்கும் இருந்தது போன்ற பொய்த்தோற்றத்தை இது உருவாக்குகிறது என்பது அவர் குறை. அந்தக் குறையில் நியாயம் உண்டு.

இரண்டாவதாக, ஆட்டத்தின் கணக்கேட்டில் பங்கீடு என்னும் பத்தி இல்லை. ஒரு நகரத்தின் மக்கள்தொகை 10 என்றால், பத்துப் பேரும் ஒன்றுபோல இரண்டு அலகு உணவு உண்கின்றனர். நிலமுடையவர், நிலமற்றவர் என்ற பிரிவு இல்லை, கூலி இல்லை, கடன் இல்லை. நாட்டு வருமானக் கணக்கை உருவாக்கிய பொருளியல் அறிஞர் சைமன் குஸ்னெட்ஸ், ஒரு நாட்டின் நலத்தை அந்த ஒற்றை எண்ணால் அளந்துவிட முடியாது என்று 1934இலேயே அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் எச்சரித்தார். சுற்றுதோறும் உயரும் எண்களைப் பார்த்து மகிழும் ஆட்டக்காரருக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். 'இதைச் செய்வதால் எதை இழக்கிறேன்?' என்று கேட்க ஆட்டம் நன்றாகவே பழக்குகிறது. 'என் பொருட்டு இழப்பவர் யார்?' என்று கேட்க அது பழக்குவதில்லை. அந்தக் கேள்வியை நாமே கொண்டுவர வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினால் அது இயல்பாகவே எழும்.

ஆடத் தொடங்குவோருக்கு

முதல் ஆட்டத்தைப் பிரின்ஸ் நிலையிலோ அதற்கு ஒருபடி கீழேயோ, சிறிய வரைபடத்தில் தொடங்குங்கள். ஒரு குறிப்பேட்டை அருகில் வைத்து, இருபத்தைந்து சுற்றுகளுக்கு ஒருமுறை நகரங்களின் எண்ணிக்கை, மக்கள்தொகை, அறிவியல், உற்பத்தி ஆகிய நான்கை மட்டும் எழுதுங்கள். 100ஆம் சுற்றில் நிறுத்தி, அதே தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடி ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தை இறுதிவரை இழுத்துச் செல்வதைவிட, முதல் 100 சுற்றுகளை மூன்று முறை ஆடுவது அதிகம் கற்றுத்தரும். வளர்ச்சியின் விதை அங்கேதான் இருக்கிறது.

விலை கொடுத்து வாங்க இயலாதோரும், பழைய கணினி வைத்திருப்போரும் 'ஃப்ரீசிவ்' என்னும் கட்டற்ற மென்பொருளை நாடலாம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய அந்த ஆட்டம் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது; இதே கருத்துகள் பலவற்றை அதிலும் சோதிக்கலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்ற எண்ணம் இரவை விடியலாக்கும் என்பது இந்த ஆட்டத்தை ஆடும் உலகத்தார் அனைவரும் அறிந்ததே. ஒரு முழு ஆட்டம் பல மணிநேரம் பிடிக்கும். ஆட்டத்திலுள்ள நகரங்களுக்கு மட்டுமல்ல, ஆடுகிறவரின் மாலைப் பொழுதுக்கும் வாய்ப்புச் செலவு உண்டு. எத்தனை சுற்றுகள் ஆடப்போகிறோம் என்பதை உட்காரும் முன்னரே முடிவு செய்து, அந்த எண்ணில் எழுந்துவிடுகிறவர், இந்த ஆட்டம் கற்பிக்கும் பொருளியலின் முதல் பாடத்தைத் தம் வாழ்வில் செயல்படுத்தத் தொடங்கிவிட்டார்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).